பதினேழாம் கேள்வி

காலையில் அச்சகத்திலிருந்து மெய்ப்புக் கட்டு வந்தது. மை வாடை இன்னும் என் விரலில் இருக்கிறது. நம் பயிற்சி மையத்தின் வினா நூல், மறுபதிப்பு. ஐந்து மணிக்குள் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். பதினேழாம் கேள்வியில் நின்றுவிட்டேன். நீ எழுதியது.

ஆங்கிலத்தில்தான் எழுதினாய். எனக்குத் தமிழில் கேட்கிறது. 'ஒரு பணியாளர் வியாழக்கிழமைதோறும் மதியத்துக்கு மேல் இருப்பதில்லை. உணவைப் பாதியில் மூடிவிடுகிறார். அடுத்த ஆண்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போகிறார். இதிலிருந்து உறுதியாகப் பெறக்கூடிய முடிவு எது?'

நீ எழுதுவாய், நான் சரிபார்ப்பேன். மைசூரின் அந்த இரண்டாம் மாடி அறையில் மூன்று வருடம் அதுதான் நம் வேலை. பத்தி சொல்வதை மட்டும் நம்பு. சொல்லாததைச் சேர்க்காதே. வகுப்பில் தினமும் இதையே சொன்னோம்.

நீ விடையாகக் குறித்திருந்தது 'ஆ': அவர் கடும் நோயில் இருக்கிறார். இப்படிப்பட்ட கேள்வியில் நீ ஒருபோதும் தவறியதில்லை. சிவப்பு மையில் அடித்தேன். 'மிகை ஊகம். பத்தியில் இல்லை.' சரியான விடை 'இ': அவர் எல்லா நாட்களும் முழு நேரம் வேலை செய்வதில்லை.

"அப்ப பத்தியில இல்லாதது இல்லவே இல்லையா புள்ள?"

"பரீட்சையில இல்ல."

"நல்லா வெச்ச போ பரீட்சை." சிரித்தபடி டப்பாவை மூடினாய். பாதி சோறு.

அன்று வியாழன். "ஹனூர் பஸ்ஸப் புடிக்கோணும்" என்று, ஊருக்குப் போகிறவளாய்ப் பையை மாட்டிக்கொண்டாய். ஜன்னலிலிருந்து பார்த்தேன். பஸ் நிலையம் இடப்பக்கம். நீ வலப்பக்கம் திரும்பினாய்.

அடுத்த வியாழனும். அதற்கடுத்ததும்.

கூற்றுகள் எல்லாம் என் கையில் இருந்தன.

மழைக்காலம் முடிவதற்குள் ஹனூர் பஸ்ஸில் நான் ஏறினேன். உன் வீட்டு வாசலில் துக்கப் பந்தல். உன் அண்ணன் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"ஒரு வருசமா வியாழக்கெழமையானா ஆஸ்பத்திரிதானுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"கூட வேலை செய்யற புள்ளைகிட்டச் சொல்லிட்டேன்னு சொன்னாளேங்க."

சொன்னாய். எழுதியே கொடுத்தாய். நான் திருத்தினேன்.

இன்று ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் விடைக்குறிப்பைப் பார்த்தேன். 'இ' என்றே விட்டுவிட்டேன். இன்னும் அதுதான் சரியான விடை. அதுதான் பயமாக இருக்கிறது.

உன் நாற்காலியில் இப்போது வேறொருவர். வந்து ஆறு மாதம். அதிகம் பேசாதவர். நேற்று மதியம் டப்பாவைப் பாதியில் மூடினார். இன்றும். இரண்டே கூற்றுகள். தரவு போதாது என்று எந்த மாணவரும் சொல்லிவிடுவார்.

மெய்ப்பை அனுப்பிவிட்டு அவர் மேசைக்குப் போனேன். சாப்பாட்டை ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன்.

"ஏனூ இல்ல மேடம்." நிமிரவில்லை. ஒன்றும் இல்லையாம்.

ஜன்னலுக்கு வெளியே தெருவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாளை வியாழன். உன்னிடம் செய்யாததை அவரிடம் செய்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். மறுபடி கேட்டேன்.