குகதாசனின் மில்லிமீற்றர்

இணுவில்.

அன்பு மகள் சுபாஜினிக்கு,

நானும் அப்பாவும் சுகம், அந்தப் பனிக்குள் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கக் கந்தன் துணை. ஞானாம்பிகை மாமி கேட்ட சம்பந்தத்தை ஏன் வேண்டாம் என்றேன் என்று கேட்டிருந்தாய். போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் நிற்பார், அவர் காதுபட இதைச் சொல்ல மனமில்லை, அதனால் நோர்வேக்குத் திரும்பும் தர்சினியின் பயணப் பெட்டியில் மிளகாய்த்தூளோடு இதையும் வைக்கிறேன்.

மாமியின் மகன், உன் மச்சான் குகதாசன் தெல்லிப்பழையில் எஞ்சின் வேலைத்தலம் திறந்தது தெரியும்தானே, வாசலில் தொங்கும் அவனுடைய படம் எந்த எஞ்சினையும் விடப் பெரியது. வெங்காயத்துக்கு நீர் இறைக்கும் எங்கள் பழைய இங்கிலாந்து எஞ்சின் புகை கக்கியது, அக்காவின் மகன் என்று அப்பா அவனிடமே கொண்டுபோனார். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடவேண்டுமாம். பிஸ்டன் பெட்டியில் பழைய அளவைவிட 0.020 அங்குலம் கூட என்று அச்சடித்திருந்தது, அந்த மேதை அதை 0.20 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொண்டான். தம்பி, உது அங்குலமெல்லோ என்று பெட்டியைக் காட்டினேன். மாமி, அங்குலம் வெள்ளைக்காரனோடை கப்பலேறிப் போட்டுது, நீங்கள் போய்ச் சட்டையைத் தையுங்கோ என்றான். என் தையல் நாடாவிலும் இரண்டு பக்கம் உண்டு, எந்தப் பக்கம் என்று பாராமல் நான் ஒரு நாளும் துணியை வெட்டியதில்லை. அந்த அங்குலக் கணக்குக்கு அரை மில்லிமீற்றர் கடையவேண்டிய இடத்தில் அவன் பாதியும் கடையவில்லை. பிஸ்டன் உள்ளே போக மறுத்ததும் பிழை எங்கே என்று தேடாமல் பிஸ்டனையே சுற்றிவர அராவி இறக்கினான், அதையும் கெட்டித்தனம் என்று சொல்லிச் சிரித்தான்.

வாய்க்கால் நனையுமுன் எஞ்சின் கிறீச்சிட்டு இறுகிவிட்டது. தாயோடு வந்து கழற்றிப் பார்த்தவன், மாமா எண்ணெய் விடேல்லை என்றான். அப்பா எண்ணெய் ஊற்றியதை நான் என் கண்ணால் கண்டேன். ஆனால் அக்கா நிற்கிறாவே என்று அவர், ஓம், நான்தான் மறந்துபோனன் என்று தலையைக் குனிந்தார். வெங்காயத்தில் பாதி கருகிப்போனது, அது போகட்டும், அந்த ஓம்தான் இன்னும் எனக்குச் செமிக்கவில்லை.

அடுத்த கிழமையே மாமி வெட்கமில்லாமல் மகனையும் கூட்டிக்கொண்டு பலகாரத் தட்டோடு உன்னைக் கேட்டு வந்தா. இவனுடைய கைக்கு நோர்வேதான் சரியாம். நான் அந்தப் பிஸ்டனைக் கழுவாமல் கொள்ளாமல் பலகாரத்துக்குப் பக்கத்தில் வைத்து, மச்சாள், உங்கடை மகன்ரை பிழைக்கு என்ரை மனிசன் குனிஞ்சது காணும், என்ரை பிள்ளையும் குனிய வேண்டாம் என்றேன். குகதாசன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, உது சாமான் பிழை என்றான். அப்போதுதான் அப்பா எழும்பினார். எண்ணெய் நான் விட்டனான் என்று அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். அவர்கள் தேத்தண்ணீர் குடிக்காமலே போனார்கள்.

நீ நீடூழி வாழவேண்டும் பிள்ளை. நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவோடு கதைக்கும்போது இதைப்பற்றி ஒன்றும் கேளாதே, மாடு கன்று போட்டதைக் கேள், அதைச் சொல்ல அவருக்கு ஆசை.

உன் அம்மா
ஜெயகௌரி