நானா, அந்தக் கேபிள் பழுதாகவில்லை

பழுதில்லாத கேபிளைப் பழுது என்று எழுதிவிட்டார்கள், நானா. நடந்த அநியாயம் அதுதான். அண்ணன் முறையில் நானா என்று நான் கூப்பிட்ட நீங்கள் போன பிறகும் அதை மாற்றிச் சொல்ல நான் ஆயத்தமில்லை.

இன்று காலையும் கடை மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்து அதை வெளியே எடுத்தேன். சாம்பல் நிறம், ஒரு முனையில் ஒன்பது ஊசி, மறு முனையில் யூஎஸ்பி. துறைமுகத்து உப்புக் காற்றில் ஊசிகள் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தன. துடைத்துவிட்டு மடிக்கணினியில் செருகினேன். வழக்கம்போல மஞ்சள் முக்கோணம். வழக்கம்போல அதே வாசகம்: இந்தச் சாமானுக்கு ஆதரவு நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும்.

உங்களுக்கு அதை விற்றவள் நான்தான்.

தண்ணீர் ஆய்வுக்கு வந்தவர்கள் விட்டுப்போன விரல் நீள எஃகுக் குழாயைக் கயிற்றில் கட்டி உங்கள் வளவுக் கிணற்றுக்குள் இறக்கி வைத்திருந்தீர்கள். மணிக்கொரு தரம் தண்ணீரின் உப்பை அளந்து அது தனக்குள்ளேயே பதிந்துகொள்ளும். மாதம் ஒருமுறை அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் என் கணினி திருத்தும் கடைக்கு வருவீர்கள். நான் கேபிளைப் பூட்டி எண்களைத் திரையில் காட்டுவேன். பக்கத்தில் இறால் பண்ணை வந்த பிறகு எண்கள் ஏறின. ஆறு வீடுகள் குடிக்கும் கிணறு அது. பண்ணையைப் பெருப்பிக்க அனுமதி கேட்டார்கள் என்றதும், “இந்தக் குழாய்தான் எங்கட சாட்சி” என்றீர்கள்.

அதற்குள் மின்னலில் என் பழைய கணினி, அதிலிருந்த எண்களோடு, கருகிப்போனது. புதியதை வாங்கினேன். அதில் கேபிள் வேலை செய்யவில்லை.

“டிரைவர் இல்லை நானா” என்றேன்.

“அது ஆரு?”

“கணினிக்கும் சாமானுக்கும் நடுவில நிண்டு கதை சொல்ற ஆள். பழைய டிரைவர் இந்தப் புது விண்டோஸுக்குள்ள வர ஏலாது. புது டிரைவர் வரும், ஆனா எங்கட கேபிளைக் கண்டா முகத்தைத் திருப்பும்.”

“அப்ப சம்பந்தி வீட்டுச் சண்டை எண்டு சொல்லுங்க. ரெண்டு பக்கமும் ஆக்கள் இருக்கு, நடுவில கதைக்கத்தான் ஆள் இல்ல.”

சிரித்தோம். ஆனால் எனக்குக் கோபம். கேபிளுக்குள் இருக்கும் பழைய வகைச் சில்லை, அந்தச் சின்னச் சிப்பை, இயக்கவேண்டாம் என்று, அதைச் செய்தவர்களே புது டிரைவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். சில்லுக்கு ஒரு குறையும் இல்லை. ஒருவரிடமும் படிக்காமல், பிரித்துப் பூட்டிப் பழகியவள் நான். எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

புதுக் கேபிள் வாங்கலாமே என்றீர்கள். வாங்கினால் அவர்கள் சொன்னதை நான் ஒத்துக்கொண்டதாகும் என்றேன். அடுத்த மாதம் உங்கள் மகள் தந்த பென்டிரைவைக் கொண்டுவந்தீர்கள்.

“இதில லினக்ஸ் எண்டு வேற சிஸ்டம் ஒண்டு இருக்காம். பழைய கேபிளை எடுக்குமாம். ஒருக்காப் போட்டுப் பார்ப்பமா தங்கச்சி?”

“ஏன் நானா நாங்க வீடு மாறவேணும்? கதவைப் பூட்டினவன் வந்து திறக்கட்டும். நான் விடமாட்டன்.”

பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சரி, உங்கட கையில குடுத்தது” என்றீர்கள். அந்தச் சொல்லில் நான் சாய்ந்துகொண்டேன். திருத்தக் கொடுத்த சாமானை இடையில் வாங்கி இன்னொருவரிடம் கொடுப்பது உங்கள் முஸ்லிம் ஆட்களிடமும் எங்கள் தமிழ் ஆட்களிடமும் முறையில்லை. நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் குழாய் என் லாச்சிக்குள் கிடந்தது. நான் சில்லுச் செய்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

பண்ணை அனுமதி பற்றிய விசாரணை நாள் வந்தது. ஆதாரம் எங்கே என்று கேட்டார்களாம். “திருத்தக் குடுத்திருக்கு” என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டீர்களாம். யாரிடம் என்று சொல்லவில்லையாம். பண்ணைக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்து மகளுக்கு முன்னால் இருந்தேன்.

“நான் எத்தினை தரம் சொன்னன் மாமி, போய் வாங்கிக்கொண்டு வாங்க எண்டு. வாப்பாதான் விடேல்ல. திருப்பிக் கேட்டா தங்கச்சிட மனம் நோகும் எண்டார்.”

அடுத்த நாள் அவள் பென்டிரைவோடு கடைக்கு வந்தாள். அதிலிருந்தே கணினியை எழுப்பினாள். நான் கேபிளைச் செருகினேன். டிரைவர் தேடவில்லை, இறுவட்டுக் கேட்கவில்லை. எண்கள் திரையில் வரிவரியாக இறங்கின, மூன்று வருடத்து உப்பு. கேபிள் நல்ல கேபிள் என்று நான் சொன்னது சரிதான், நானா. அதை யாரிடம் காட்டுவது? மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எண்களைச் சேமித்தாள். விண்டோஸை நான் விடவில்லை. அதில் ஒவ்வொரு நாளும் செருகிப் பார்க்கிறேன். மஞ்சள் முக்கோணம் போகவில்லை. பண்ணையில் புதுக் குளம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அனுமதிக்கு எதிரான மேன்முறையீட்டுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. எண்களை அச்செடுத்துத் தாள்தாளாகத் திகதி போடவேண்டியது நான். மனுவில் ஆறு வீட்டாரும் கையெழுத்து வைக்கவேண்டும். நாலு வீடு வைத்தாயிற்று. மற்ற இரண்டு வீட்டிலும் பண்ணையில் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு உங்கள் மகள்தான் கதைக்கவேண்டும். அந்தக் குளம் வெட்டுவதைப் பண்ணைக்காரர் முடிவு வரும்வரை நிறுத்தவேண்டும். டிரைவரில் எழுதிய அந்தத் தடையைச் சில்லுச் செய்தவர்கள் எடுக்கவேண்டும், எடுக்கும்வரை எழுதுவேன்.

பதிவு முழுதாக இருந்தும் விசாரணை அன்றைக்கு ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பார்கள். அதற்கு உங்கள் மகள் பதில் சொல்லக்கூடாது. நான்தான் எழும்பி நின்று சொல்லவேண்டும், அது என்னிடம் இருந்தது என்று.