கறுப்பு வெள்ளை டிவியில் மாம்பழக் கலர் புடவை

கடப்பேரி, மேற்குத் தாம்பரம்
4-12-1988

அன்புள்ள மகன் ஜெயவேலுவுக்கு அம்மா அங்காளம்மாள் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே அப்பா, நான், தங்கை மூன்று பேரும் நல்லபடி இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கை தையல்நாயகிதான் எழுதுகிறாள். இது அவளைப் பற்றிய சேதி என்று தெரிந்துகொண்டு பேனாவில் மை இல்லை என்கிறாள். மை இருக்கிறது, நான் பார்த்தேன்.

நீ எப்போது எழுதினாலும் மறக்காமல் கேட்பது, தையலு யாரிடமாவது பேசுகிறாளா என்று. ஒன்பதாவதில் டீச்சர் எழுப்பிப் பாடம் ஒப்பிக்கச் சொன்னபோது வாய் வராமல் அழுதுகொண்டு வந்தவள், பிறகு பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். இப்படியே இருந்தால் போகிற இடத்தில் எப்படிப் பிழைப்பாள் என்று அப்பாவுக்குக் கவலை. நானும் இதுநாள்வரை வேறு சேதி சொல்லி மழுப்பிவிட்டேன். இந்தத் தடவை சொல்ல ஒரு சேதி இருக்கிறது. எல்லாம் நீ வாங்கி வைத்துவிட்டுப் போன டிவியால் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு ‘மூன்றாவது சாவி’ என்று ஒரு நாடகம் போட்டார்கள். பெரிய குடும்பம், பீரோவில் இருந்த மாமியார் நகை காணவில்லை, சின்ன மருமகள் மேல் பழி. குரோம்பேட்டை தோல் கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிற நம் தெருக் கிளியம்மாளும் அவள் கூட்டாளிகளும் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். அதனால் புதன்கிழமை காலை அடிபம்பில் குடத்தை வைத்துவிட்டு என்னிடம் கதை கேட்பார்கள். எனக்கு எந்த மருமகள் எந்தப் பிள்ளையின் பெண்டாட்டி என்றே நினைவில் நிற்காது. ஒருநாள் நகையைச் சமையல்காரி எடுத்தாள் என்று நான் அடித்துவிட, பின்னால் நின்ற தையலு பொறுக்க முடியாமல், இல்லம்மா, அவள் சாவியை மட்டும்தான் பார்த்தாள் என்று வாயைத் திறந்தாள். திறந்தது திறந்ததுதான். தரையைப் பார்த்தபடியே முழுக் கதையும் சொன்னாள். யார் எங்கே நின்றார்கள், மாமியார் எப்படி மூக்கை உறிஞ்சினாள், ஒன்றையும் விடவில்லை. மருமகள் கட்டியிருந்தது மாம்பழக் கலர் புடவை, அரக்கு பார்டர் என்றாள். நம் டிவி கறுப்பு வெள்ளை என்று அங்கே ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. அதிலிருந்து புதன்கிழமை என்றால் குடம் நிரம்பினாலும் யாரும் பம்பை விட்டு நகருவதில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மழை. மருமகள் எழும்பூர் ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்கிறாள், ரயில் வருகிறது, அந்த நேரம் பார்த்து நம் ஆன்டெனா காற்றில் சாய்ந்துவிட்டது. அப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே ஏறி, தெரியுதா தெரியுதா என்று கத்துகிறார், கீழே வெறும் புள்ளியும் இரைச்சலும்தான். அவர் நிமிர்த்தி முடித்தபோது ஹிந்தி செய்தி ஓடுகிறது. மறுநாள் கிளியம்மாள், இன்னாடி ஆச்சு, வண்டி ஏறிட்டாளா இல்லியா, எனக்குத் தூக்கமே வர்ல என்கிறாள். பார்க்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இவள் தானாக ஒன்று சொல்லிவிட்டாள். வண்டி போய்விட்டதாம், மருமகள் ஏறவில்லையாம், பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு டெலிபோன் ஆபீசுக்குப் போய் வேலை கேட்டாளாம். கிளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே குட்டு வெளிப்பட்டது. கலர் டிவி வைத்திருக்கிற பட்டாபிராமன் சார் வீட்டு சாவித்ரி மாமி நம்மிடம் பால் வாங்க வந்தார். வழியில் யாரோ பம்பில் கேட்ட கதையைச் சொல்லியிருக்கிறார்கள் போல. அவள் ரயில் ஏறி அம்மா ஆத்துக்குப் போய்க் குப்புறப் படுத்துண்டு அழறாளே, டெலிபோன் ஆபீஸ் எங்கேர்ந்து வந்தது, புடவைகூட ஊதான்னா என்று கேட்டார். தையலு பழையபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அடுத்த புதன்கிழமை தண்ணீருக்கு வரமாட்டேன் என்றாள், சோறும் இறங்கவில்லை. போச்சு, இனி இவள் வாய் திறக்கப்போவதில்லை என்று எனக்குப் பயமே வந்துவிட்டது.

அன்றைக்குக் கிளியம்மாள் வெறுங்குடத்தோடு நம் வாசலுக்கே வந்துவிட்டாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். உள்ளே பார்த்து அவள் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். ஏய் தையலு, அம்மா வூட்டுக்குப் போயி அழுதுகினு கெடக்கறத பாக்க டிவி எதுக்கு, அது எங்க வூட்லயே கீது. டிவிகாரன் தப்பா எடுத்துட்டான்னா நீ இன்னா பண்ணுவே? டெலிபோன் ஆபீஸ்ல வேல கெடச்சிச்சா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல, பம்பாண்ட எல்லாம் காத்துகினு கீறாங்க என்றாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது. கிடைச்சுது அக்கா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பிறகு நம் தெருவில் இரண்டு நாடகம் ஓடியது. டிவியில் நகை பரணில் கிடைத்து, எல்லோரும் வரிசையாக நின்று சிரித்து, போன வாரம் முடிந்துபோனது. சப்பென்று இருந்தது என்று சாவித்ரி மாமியே சொன்னார். இப்போது அவரும் புதன்கிழமை பால் தூக்கோடு பம்புப் பக்கம் வந்து, சும்மா நிற்பது போல நிற்கிறார். இவள் கதை மட்டும் முடியவில்லை. மாமியார் டிபன் கேரியரோடு டெலிபோன் ஆபீஸ் வாசலில் நிற்கிறாள், மருமகள் அந்தச் சோற்றைச் சாப்பிடுவாளா மாட்டாளா என்று சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கொழுப்பப் பாரு இவளுக்கு என்று கிளியம்மாள் திட்டிக்கொண்டே சிரித்தாள். பெற்றவளிடமாவது சொல்லுடி என்றால், அண்ணன் வந்த பிறகுதான் முடிவு என்கிறாள். ஆகையால் பொங்கல் லீவைத் தள்ளிப் போடாதே, ஒரு தெருவே காத்திருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீ தீர்க்காயுசாக இருக்க அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். சொல்ல மறந்துவிட்டேனே, கலர் டிவி வாங்கி வரட்டுமா என்று கேட்டிருந்தாய், வேண்டாம். கலரெல்லாம் இவளே சொல்லிவிடுகிறாள்.

இப்படிக்கு
உன் அம்மா
அங்காளம்மாள்

அண்ணா, சாவித்ரி மாமி வீட்டு டிவியில் ஏதோ கோளாறு. அது மாம்பழக் கலர்தான். – தையலு