சாணைக்குப் போகும் சவரக் கத்தி

தம்பி,

சாப்பாட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

நாலு மணிக்குச் சாணை பிடிக்கிறவர் வருவார். கத்தரிக்கோலோடு அப்பாவின் சவரக் கத்தியையும் மறுபேச்சு இல்லாமல் அவரிடம் கொடுத்துவிடு. நேற்று மாதிரி, "அப்பா கை பட்டது, அப்படியே இருக்கட்டும்க்கா" என்று ஆரம்பிக்காதே. அப்பாவே போன பிறகு துருப்பிடித்துக் கிடக்கும் சாமானைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிட இது என்ன கோயிலா? உன்னோடு பேசிப் பேசியே என் தொண்டைத்தண்ணீர் வற்றிவிட்டது.

அந்தக் கத்தியின் கூரில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறதே, அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, "எத்தனை வருஷ உழைப்பு பாருங்க" என்கிறாயே. அது உழைப்பு இல்லையடா, நான் செய்த வேலை. பத்து வயதில், முக்காலிக்குப் பூச வைத்திருந்த பச்சைப் பெயிண்ட் டப்பாவை அந்தக் கத்தியால்தான் நெம்பித் திறந்தேன். அவசரமாகத் துடைத்து உறையில் போட்டவள், அப்புறம் வாயே திறக்கவில்லை. அதன்பின் தினமும் அப்பா தாடையில் ஒரு வெட்டு, அதன் மேல் பேப்பர் துண்டு. கேட்டால், "கை நடுங்குதும்மா" என்பார். எனக்குச் சோறு இறங்காது. அந்தச் சில்லு இருந்த இடமே தெரியாமல் தேய்த்து எடுக்கட்டும்.

அக்கா

பின்குறிப்பு: கத்தியைத் துணியில் சுற்றும்போதுதான் பார்த்தேன். மடிக்கும் இடத்தில் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருக்கிறது. தினமும் துடைத்து எண்ணெய் போட்ட மனிதர் கண்ணில் அது படாமலா இருந்திருக்கும்?

சாணைக்காரரிடம் கத்தரிக்கோலை மட்டும் கொடு.