கடைசிக் காட்சியில் யாரும் நடக்க வேண்டாம்

தூத்துக்குடி
14-10-1976

பிரியமுள்ள மகன் ஜெபசிங்குக்கு,

அப்பா ஜேசுபாதம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் தங்கை ஜீவமணியும் சுகம். நீயும் படத்தை வெட்டி ஒட்டுகிற அந்த இருட்டு அறையிலேயே அடைந்து கிடக்காமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாயிருப்பாய் என்று நம்புகிறோம். அம்மா கருவாடு அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். போன தடவை அனுப்பிய கருவாட்டினால் உன்னோடு அறையில் இருந்த பையன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான் என்று எழுதியிருந்தாய். ஆகவே இந்த முறை கருப்பட்டி மட்டும்.

உன் கடிதம் வந்தது. நீ கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் என் தரப்பில் ஒரு விளக்கம். நீ இங்கே வந்து எங்களை வைத்து எடுத்த படத்தில், ஜீவமணி தன் கையாலேயே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பலகைச் சரிவில் ஏறி வீட்டுக்குள் வருகிற காட்சியில், வாசலில் நிற்கிற என் சட்டை பின்பக்கமாக இழுபடுவது தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். தெரியாமல் என்ன செய்யும்? அவளை மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் பிடித்த நாளிலிருந்து, படி என்று ஒன்று வந்தால் தூக்குகிறவன் நான். கதையில் அப்பா சும்மா நிற்க வேண்டும் என்று நீ எத்தனை விதமாக விளக்கியும், சக்கரம் பலகையைத் தொட்டதும் என் கால் தானாக ஓடிவிட்டது. பிலிம் என்ன கடற்கரை மணலா, அள்ளி அள்ளிக் கொட்ட என்று எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினாய். பிறகு ரோச்சைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து, என் சட்டையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாய். அவன் கடலில் வலை இழுக்கிறவன். பிடித்தால் விடுவானா? என் பொத்தான்கள் தெறித்ததுதான் மிச்சம். அந்தக் காட்சியில் என் முகத்தில் உணர்ச்சி பொங்குகிறது என்று நீ எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கழுத்து இறுகுனா யாருக்கும்தான் பொங்கும் என்கிறாள். இந்த வீட்டில் ஒரு நடிகனுக்கு இவ்வளவுதான் மரியாதை.

படம் எடுத்த திரேஸ்புரம் கடற்கரையில் எல்லாரும் உன்னை விசாரிக்கிறார்கள். படத்துக்கு வீடு கட்டிக் கொடுத்த இஞ்ஞாசிக்கு மட்டும் இன்னும் உன்மேல் வருத்தம். அவன் மேலும் தப்பில்லை. வாசற்படி கூடாது, கதவு அகலமாக வேண்டும், சக்கரம் போக ஒரு சரிவு வேண்டும் என்று படகுத் தச்சனிடம் போய்ச் சொன்னாய். அவனுக்குத் தெரிந்த சரிவு, வள்ளத்தைக் கடலில் இறக்குகிற சரிவு ஒன்றுதான். அதையே போட்டான். போட்டதோடு நில்லாமல், பிள்ளைக்கு வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று மீன் எண்ணெயையும் தடவி வைத்தான். புதுசா எறங்குத எதுவும் மந்திரிக்காம எறங்கப்படாது என்று மாதா கோயில் சாமியாரைக் கூட்டிவந்து நாற்காலிக்குத் தீர்த்தமும் தெளித்தான். நாம வேற சபையில்லா என்று அம்மா முணுமுணுத்தாள். நாற்காலி எந்தச் சபை என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன்பிறகு நடந்ததை நீயும் பார்த்தாய். ஜீவமணி வாசலிலிருந்து சக்கரத்தைச் சரிவில் வைத்ததுதான் தெரியும். நாற்காலி கேமராவைத் தாண்டி, காயப்போட்ட நெத்திலியைத் தாண்டி, ரோச்சின் வலைக்குவியலுக்குள் போய் விழுந்தது. நான் போட்ட சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் வலைக்குள் கிடந்து கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். இன்னொரு தரம் போவமாப்பா என்று கேட்கிறாள். அப்புறம் அவளே இஞ்ஞாசியைப் பக்கத்தில் கூப்பிட்டு, நல்லா நீட்டிப் போடுங்க அண்ணாச்சி, எறங்குனா மட்டும் போதுமா, என் கையால தள்ளி ஏறவும் வேணும்லா என்று சொல்லிச் சொல்லிச் சரிவை மறுபடி போடவைத்தாள். எல்லாவற்றுக்கும் சம்மதித்தான். எண்ணெய் வேண்டாம் என்றதில்தான் அவனுக்கு மனவருத்தம்.

இனி நீ கேட்ட காரியம். படத்துக்குப் பணம் கொடுத்த சேவா சங்கத்துச் செயலாளர், கடைசியில் ஜீவமணி வள்ளத்திலிருந்து இறங்கி மணலில் நடந்து வரவேண்டும், அப்போதுதான் பார்க்கிற ஜனங்களுக்கு நம்பிக்கை பிறக்கும், இல்லாவிட்டால் சங்கத்தில் படத்தைப் போடமாட்டோம் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். சாயர்புரத்தில் படிக்கிற ஒரு பெண்ணின் கால்களை மட்டும் எடுத்து ஒட்டிவிடலாம், தங்கச்சியிடம் பக்குவமாகக் கேட்டுச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. வாசித்தவுடன் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் என்று தெரிந்தும், திரையிலாவது ஒரு தரம் என் பிள்ளை நடப்பதைப் பார்த்துவிடலாமே என்று கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் ஜீவமணியிடம் வாசித்துக் காட்டினேன். பக்குவம் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

அவள் கோபப்படவில்லை. அந்தப் பிள்ள நல்லா நடக்குமா என்று விசாரித்தாள். பிறகு, கை காப்புக்காச்சுப் போக ஏறுனது நானு, கடைசியில வேற ஒருத்தி காலு வந்து பேரு வாங்கிட்டுப் போவுமாக்கும் என்றாள். எனக்கு வள்ளத்துல போவணும்னுதான் கதை, போயிட்டேன். இனி எதுக்குப்பா நடக்கணும் என்றும் கேட்டாள்.

செயலாளரிடம் நான் சொன்னதாக ஒன்றைச் சொல். படப்பிடிப்பைப் பார்க்க வந்தவர், பேண்ட் நனையும் என்று தண்ணீரில் கால் வைக்கவில்லை. ரோச்தான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வள்ளத்தில் வைத்தான். உன் கேமராக்காரரையும் அப்படித்தான், ஜீவமணியையும் அப்படித்தான். திரும்பி வந்ததும் அப்படியே மூன்று பேரையும் இறக்கிவிட்டான். அந்த மனுஷர் நடக்க வேண்டும் என்று கரையில் ஒருவரும் ஜெபம் பண்ணவில்லை.

சங்கத்தில் போடாவிட்டால் போகட்டும். திரேஸ்புரத்திலேயே வள்ளத்துப் பாய்த்துணியைத் திரையாகக் கட்டிப் போடுவோம். இஞ்ஞாசி பார்க்க வேண்டும் என்று ஆசையாயிருக்கிறான். உனக்கு இதில்தான் பேர் கிடைக்க வேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் மகனே, அப்பா கேட்கிறேன், அவள் கதையின் முடிவில் வேறு யார் காலையும் ஒட்டாதே.

இன்னொரு செய்தி. படத்து வீட்டைப் பிரித்ததும், பலகைகளை இஞ்ஞாசியும் ரோச்சும் சுமந்து வந்து நம் வீட்டு வாசற்படிமேல் நீளமாகப் போட்டுவிட்டார்கள். எண்ணெய் தடவியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன், இல்லை. இன்றைக்குக் காலையில், இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு வாங்கிவருகிறேன் என்று ஜீவமணி தனியாகப் புறப்பட்டாள். கூட வரவா என்றேன். வேண்டாம்பா, நீங்க எழுதுங்க என்றாள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தெருமுனை வரை எழுந்து போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் அம்மா பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இவள் பிடிக்கு ரோச் பரவாயில்லை.

கர்த்தர் உன் கண்ணுக்கு வெளிச்சமும், உன் கத்தரிக்கோலுக்கு நல்ல புத்தியும் தருவாராக. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தால், தங்கச்சி போய்விட்டுத் தானாகவே திரும்பி வந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

உன் அன்புள்ள அப்பா,
ஜேசுபாதம்