ஊரே எழுந்து கைதட்டியது

வில்லோ க்ராசிங், நெப்ராஸ்கா
ஜூலை 19, 1987

அன்புள்ள ரூபன்,

நீங்களும் ஷார்லினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. எனக்கு வழக்கமான முழங்கால் வலி. என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். இந்தக் கடிதம் என் வீட்டுக்காரர் டுவைனைப் பற்றியது.

ஜூலை நாலு, சுதந்திர தினத்தன்று எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு ஆட்டம். தொடங்கும் முன் மரியாதைக்கு முதல் பந்தை எறிய அவரைக் கூப்பிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். தலை வாரக்கூடத் தூக்க முடியாத தோள் அது. "பெரிய லீக்குல எறிஞ்சவன்டி நான். மருந்துக்கடைக்காரன் கையில ஒரு பந்து போட மாட்டேனா?" என்று சண்டைக்கு வந்தார்.

வயதானவர்கள் பந்து எறிபவர் நிற்கும் மண்மேட்டுக்கு முன்னால், புல்லில் நின்று எறிவதுதான் வழக்கம். யாரும் குறையாக நினைப்பதில்லை. நம் ஆள் கேட்பாரா? மேட்டின் உச்சியில் போய் நின்றார். பந்து பாதி வழியில் விழுந்து, உருண்டு, நின்றேவிட்டது. பிடிக்க உட்கார்ந்திருந்த மருந்துக்கடை லாயிட் நடந்து வந்து பொறுக்கினார்.

ஊரே எழுந்து கைதட்டியது, ரூபன். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பார். "வீட்டுக்குப் போடா கிழவா" என்று ஆடிய காலத்தில் எத்தனை ஊர்களில் கத்தியிருப்பார்கள்! அதையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கியவர். இரக்கத்தைத்தான் அவருக்குத் தாங்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து சவரம் இல்லை, பேச்சு இல்லை. தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. போன வாரம் தூண்டில்களையெல்லாம் லாயிடிடம் கொடுத்துவிட்டார். "நாயையும் வச்சுக்கிறியா?" என்று கேட்டாராம். வேட்டைத் துப்பாக்கியை நான் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்தேன். மறுநாள் அலமாரியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டார். எங்கே என்று கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பயமாக இருக்கிறது, ரூபன்.

டாக்டர் வயதுக் கோளாறு என்கிறார். பாதிரியார் ஜெபிக்கச் சொன்னார், ஜெபித்து ஓய்ந்துபோனேன். பிள்ளை இல்லாத வீடு. யாரைக் கூப்பிடுவேன்?

நீங்கள் அவருக்குப் பந்து பிடித்த காலத்தில், ஆட்டம் கைநழுவும்போதெல்லாம் எழுந்து அவரிடம் நடந்து போவீர்கள். கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொல்வீர்கள். அவர் தலையாட்டுவார். அப்புறம் எறிவார். என்ன சொன்னீர்கள் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "அது எங்களுக்குள்ள" என்பார். எனக்குத் தெரியவே வேண்டாம். பேருந்து நிறுத்தத்துக்கு நானே கார் ஓட்டி வருகிறேன். ஒரே ஒருமுறை வந்து, அதை அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக, சீக்கிரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

மர்லீன்