நீலவாள் பூக்காத காரணம்

வயல் வளமும் வழுவாத கோலும் உடைய மஞ்சள்வேலி நாட்டின் முதலமைச்சனும், பனிவரை அரசவையில் நம் மன்னரின் தூதனுமாகிய மாறன் சேந்தன், தலைநகர்க் கோட்டைத் தலைவர் விடங்கன் பெருஞ்சாத்தர்க்கு விடுக்கும் ஓலை. கோட்டையும் குடிகளும் நலம் பெறுக. இதை முழுவதும் படித்து முடிக்கும்வரை உம் வாள் உறையிலேயே இருப்பதாக.

பனிவரை வேந்தர் நட்பின் அடையாளமாகச் சென்ற ஆண்டு அனுப்பிய நீலப்பூச் செடி நம் நந்தவனத்தில் பூக்கவில்லை என்றும், அங்கே நிற்பது வசம்பு என்றும், தோட்டக்காரன் ஐயாறன் அரசரின் செடியை விற்றுவிட்டு வசம்பை நட்டான் என அவை தீர்ப்பளித்தது என்றும், வரும் முழுநிலா நாளில் அவன் தலை வாங்கப்படும் என்றும் இன்று காலை இங்கு வந்த வணிகர்கள் சொன்னார்கள். கேட்டது முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆற்றில் வெள்ளம், படகோட்டிகள் ஓடம் விடமாட்டோம் என்கிறார்கள். ஆகவே கணவாய் வழியே குதிரைவீரனை அனுப்புகிறேன். நிலவு வளர்வதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஐயாறன் திருடன் அல்லன். அதே செடி இந்த அரண்மனைத் தோட்டத்தில் வரப்பு வரப்பாக நிற்கிறது. நீலவாள் என்பது இங்கு அதன் பெயர். மேலே நிமிர்ந்த மூன்று இதழ்களும் கீழே தொங்கும் மூன்று இதழ்களும், தொங்கும் இதழின் நடுவே மஞ்சள் கோடுமாக அது பூத்திருக்கையில் எவரும் மயங்கமாட்டார். பூ இல்லாதபோது நானே வசம்பு என்றுதான் நினைத்தேன். பிறகு இலையைத் தடவிப் பார்த்தேன். வசம்பு இலையில் விரலுக்குத் தட்டுப்படும் நடுநரம்பு இதில் இல்லை. கசக்கி முகர்ந்தேன்; வசம்பின் காரமணம் சிறிதும் இல்லை, வெறும் புல்வாடைதான்.

அரசர்க்கு வந்த கொடைச்செடியின் இலையை அரசர் அன்றி எவரும் தொடலாகாது என்பது நம் வழக்கம். அதனால் அவையில் அத்தனை பேர் அமர்ந்து வழக்கை ஆராய்ந்தும், ஓர் இலையைக் கிள்ளி முகர ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஒரு மனிதனின் தலையைக் கிள்ள மட்டும் துணிந்தீர்கள்.

பூக்காத காரணமும் இங்கே தெரிந்தது. ஐயாறன் அந்தக் கிழங்குகளை மஞ்சளைப் போல ஆழப் புதைத்ததை, நான் அங்கிருந்தபோது கண்டிருக்கிறேன். தலை தெரியும்போதெல்லாம் மண் அணைத்தான். நம் நாட்டில் பிறந்தவர் எவரானாலும் அதைத்தான் செய்திருப்பார். இங்குத் தோட்டம் பார்க்கும் செங்கணி என்பவளிடம் இதைச் சொன்னபோது, உங்கள் ஊரில் வெயில் காயப் போகிறவர்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் படுப்பார்களோ என்று கேட்டுச் சிரித்தாள். நீலவாளின் கிழங்கு மண்மேல் படுத்து முதுகில் வெயில் வாங்க வேண்டுமாம். வேர் மட்டுமே மண்ணுக்குள் இருக்க வேண்டுமாம். நீர் தேங்கினால் அழுகிவிடுமாம்.

ஆகவே என் முத்திரையின் அதிகாரத்தால் ஆணையிடுகிறேன். முதலில் ஐயாறனின் விலங்கை அகற்றுக. அவையோர் காண ஓர் இலையைக் கசக்கி ஒவ்வொருவர் மூக்கருகிலும் நீட்டுக. வழக்கத்தை மீறிய பழி என்மேல் வரட்டும். காரமணம் வராவிடில் வழக்கு அங்கேயே முடிந்தது. பின்பு மண்ணை விலக்கிக் கிழங்கை அழுத்திப் பார்க்கும் வேலையை ஐயாறனிடமே விடுக. கெட்டியாக இருந்தால் பிழைக்கும். குழைந்த பகுதியை அறுத்து, வெட்டுவாயில் சாம்பல் பூசி, மேட்டில் நடட்டும். முழுதும் அழுகியிருந்தாலும் அது நம் மண்ணும் நீரும் செய்தது, அவன் செய்ததன்று. வேறு கிழங்கு நான் கொண்டு வருவேன்.

பூ அடுத்த ஆண்டு வரட்டும். மன்னரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் இந்த வீரனை வெறுங்கையோடு அனுப்பலாகாது. ஐயாறன் தன் கையால் கிள்ளிய நீலவாள் இலை ஒன்றை, அவனே நாரால் கட்டி இவனிடம் தர வேண்டும். மாலைக்கு அவன் போடும் முடிச்சு எனக்குத் தெரியும். உம்முடைய மறுவோலையைப் பிறகு படிப்பேன். முதலில் அந்த முடிச்சைத்தான் பார்ப்பேன்.

பனிவரைத் தூதர் மாளிகையிலிருந்து, மாறன் சேந்தன். இரட்டைக்கதிர் முத்திரை இடப்பட்டது.